குற்றாலத்துக் கம்பர் பள்ளி: ரசிகமணி டி.கே.சி.யின் வாழ்வும் வாசிப்பும்

கம்பராமாயணம் பாடமாக அமையும் ஆண்டில் நம் மாணவர்கள் முதற்கண் தேடுவது காப்பியத்தை அன்று. அருஞ்சொற்பொருள் அச்சிட்ட உரைநூலையே. சொல்லையும் பொருளையும் இணைகோட்டில் எழுதி மனனம் செய்கின்றனர். தேர்வு முடிந்த கையோடு சொல்லும் போகிறது, பாட்டும் போகிறது. ஆசிரியர்களாகிய நாமும் இதற்கு உடந்தையாக இருக்கிறோம் என்பதை மறைப்பதற்கில்லை. பாட்டைப் படிப்பதற்குச் சொல் தெரியவேண்டும் என்று நாம் கருதுகிறோம். சொல் தெரிவதற்குப் பாட்டைப் படிக்கவேண்டும் என்று கருதிய ஒருவர் நம் தென்காசி மண்ணுக்குரியவர். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் என்பது அவர் பெயர்.

அவர் 1882-ஆம் ஆண்டு திருவில்லிபுத்தூரில் பிறந்தார். தந்தையார் தீத்தாரப்ப முதலியார், அன்னையார் மீனாம்பாள். குடும்பத்தின் பூர்விகம் தென்காசி. சட்டம் பயின்று வழக்கறிஞரானாரேனும் நீதிமன்றத்தில் அவர் மனம் ஒன்றவில்லை. 1927-இல் சென்னைச் சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும், 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையாளராகவும் பணியாற்றினார். இப்பதவிகளைப் பற்றி இதற்குமேல் எழுதவேண்டியதில்லை. அவரை இன்றளவும் நினைப்பவர் எவரும் அப்பதவிகளுக்காக நினைப்பதில்லை.

நினைப்பதெல்லாம் வட்டத்தொட்டிக்காகவே. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்த அவருடைய இல்லத்தின் தொட்டிக்கட்டிலே 1924-ஆம் ஆண்டளவில் அன்பர் சிலர் வட்டமாகக் கூடத் தொடங்கினர். கூட்டத்துக்கு விதிமுறை இல்லை; உறுப்பினர் பதிவேடு இல்லை; சந்தாவும் இல்லை. ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார். அதை வாய்விட்டுப் படிப்பார், மீண்டும் படிப்பார். ஓரிடத்தில் குரலைத் தாழ்த்தி, ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடியும் முதலடிக்கு வருவார். ஒரே பாட்டில் ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடும். பிற்காலத்தில் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய எஸ். மகராஜன், கோயிற்கலையை எளிய தமிழில் எழுதிய தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், பேராசிரியர் அ. சீநிவாசராகவன் போன்றோர் அத்தொட்டிக்கட்டில் அமர்ந்து கேட்டவர்கள்.

இங்கே ஒரு காலப் பொருத்தத்தைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924-இல்தான் வெளிவரத் தொடங்கியது. 1926-இல் அதன் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்று, 1936-இல் ஆறு தொகுதிகளாக நிறைவு செய்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. அவரும் நெல்லைச் சீமைக்காரர், அவரும் வழக்கறிஞர். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களை அவர் வரிசைப்படுத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அகராதியைத் திறவாமலே சொல்லுக்குள் நுழையலாம் என்று இவர் காட்டிக்கொண்டிருந்தார். இருவரில் எவர் வழி சரி என்று கேட்பது பயனற்றது. ஆயினும் பதினெட்டு வயது மாணவனுக்கு எந்த வழி முதலில் வேண்டும் என்பது கேட்கத்தக்க வினாவே.

டி.கே.சி.யின் வழி யாது? முதலாவது, பாட்டைப் பிரித்து அச்சிடுவது. பழைய பதிப்புகளில் சந்தி விதிப்படி சொற்கள் யாவும் ஒன்றோடொன்று பிணைந்து கயிறு போலக் கிடக்கும். எது எங்கே முடிகிறது என்று அறியாத மாணவன் இல்லாத கடினத்தை இருப்பதாக எண்ணி மிரள்வான். சொற்களைப் பிரித்துவிட்டால் பாதிச் சொற்கள் வீட்டில் வழங்குபவையாகவே இருக்கக் காணலாம். இரண்டாவது, ஓசையை நம்புவது. மூன்றாவது, பேச்சுத்தமிழை இழிவாக எண்ணாமை. இம்மூன்றாவதே அவரைப் பண்டிதர்களிடமிருந்து வேறுபடுத்தியது எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்க விரும்புகிறேன். எடுத்துக்காட்டு அடியேனுடையது, முறை அவருடையது. பாலகாண்டத்து நாட்டுப்படலத்தின் தொடக்கத்திலே கோசல நாட்டின் வளம் கூறும் பாட்டு ஒன்று உண்டு. வரம்பு, மடை, குரம்பு, பரம்பு, கரம்பு என்று வயற்காட்டுச் சொற்களாகவே அதில் அடுக்கப்பட்டுள்ளன. நகரத்து மாணவனுக்கு ஐந்தும் அருஞ்சொற்கள். சிற்றாற்றுப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கோ வரம்பு என்பது வரப்பு. மடை என்பது இன்றும் மடையே. பரம்படிப்பதை அவன் கண்ணால் கண்டிருக்கிறான். கரம்பு நிலம் எது என்று அவனுடைய பாட்டனார் சொல்லியிருப்பார். எஞ்சுவது குரம்பு ஒன்றுதான். வரப்புக்கும் மடைக்கும் அடுத்து, பெருநீரோடு சேர்த்து வைக்கப்பட்டிருப்பதால் அது நீரைத் தடுக்கும் செய்கரையாக இருக்கவேண்டும் என்று அவனே ஊகித்துவிடுவான். அப்பாட்டிலேயே மேதி என்றொரு சொல்லும் வருகிறது. குழியில் கிடப்பதாகச் சொல்லப்படும் விலங்கு எருமையன்றி வேறென்ன? இவ்வாறு தானே கண்டுபிடித்த சொல்லை அவன் சாகும்வரை மறக்கமாட்டான்.

குற்றாலம் அத்தகைய கல்விக்கு வாய்ப்பான இடம். பதவிக்காலம் முடிந்தபின் டி.கே.சி. குற்றாலத்தையே தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். குற்றால முனிவர் என்ற பெயரும் அவருக்கு வழங்கலாயிற்று. ஆனித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி வீசும்போது மெல்லிய தூறல் விழுமே, அதற்குச் சாரல் என்று பெயர். இலக்கியத்திலோ சாரல் என்பது மலைப்பக்கம். மலைச்சரிவைக் குறித்த சொல்லே அச்சரிவில் விழும் தூறலையும் குறிக்கலாயிற்று. தென்காசிக்காரனுக்கு இரண்டும் தெரியும்; தெரியும் என்பதுதான் தெரியாது! மந்தி, கடுவன் என்று குரங்கினத்தைப் பால்பிரித்துப் பழம்பாட்டுகள் சொல்கின்றன. ஆண்பூனையைக் கடுவன் பூனை என்னும் வழக்கு நம் வீடுகளில் இருக்கிறதல்லவா? அருகிலுள்ள மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் இந்த மலையையும் மந்தியையும் பாடியே நிலமானியம் பெற்றார். அந்நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். ராஜாஜியும் கல்கியும் குற்றாலத்திலே டி.கே.சி.யின் விருந்தினராகத் தங்கி, அருவியில் நீராடி, கம்பரையும் கேட்டுச் சென்றவர்கள்.

அவருடைய உரைநடையும் பேச்சையொட்டியே அமைந்தது. 'இதய ஒலி' கட்டுரைகளிலும் அன்பர்களுக்கு எழுதிய கடிதங்களிலும் அகராதி தேடவேண்டிய சொல்லைக் காண்பது அரிது. முத்தொள்ளாயிரத்தில் எஞ்சிய வெண்பாக்களை விளக்கத்தோடு வெளியிட்டுப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தார். நாஞ்சில் நாட்டுக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்களை ஊரறியச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் நிறுவிய கம்பன் கழகத்துக்கு உறுதுணையாக நின்றார். பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழிலேயே கற்பிக்கவேண்டும் என்றும், மேடையில் தமிழ்ப்பாட்டே ஒலிக்கவேண்டும் என்றும் வாதிட்டார்.

எனினும் அவரை வெறுமனே புகழ்ந்து கடந்துபோவது ஆசிரியனுக்கு அழகன்று. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட கம்பராமாயணத்தில் தம் உள்ளத்துக்கு ஒவ்வாதவற்றையெல்லாம் கம்பருடையவை அல்ல என்று ஒதுக்கினார். சுவடியின் ஆதாரம் இன்றியே சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். இதனைப் புலவர் பலர் கடுமையாக எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பில் நியாயம் உண்டு என்பதே என் கருத்து. புரியாத சொல்லை முதலில் ஓசையால் அணுகுவது வேறு. பிடிக்காத சொல்லைப் பாட்டிலிருந்தே அகற்றிவிடுவது வேறு. நமக்கு இன்று ஒலிக்காத சொல், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் செவியில் தேனாக ஒலித்திருக்கலாம். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சுவடிகளை ஒப்பிட்டுக் கம்பருக்குப் பதிப்புக் கண்டது. பாடம் எது என்று அறியவேண்டுவோர் அங்கேதான் செல்லவேண்டும். ஆனால் அங்கே செல்லவேண்டும் என்ற வேட்கையைப் பலரிடம் எழுப்பிவிட்டவர் டி.கே.சி. என்பதையும் அப்புலவர்கள் மறுக்கமாட்டார்கள்.

அவருக்கு ஒரே மகன். தந்தையாரின் பெயரையே அவனுக்கு இட்டிருந்தார். அம்மகன் இளமையிலேயே மறைந்தான். கவிமணி இரங்கற்பா எழுதி அனுப்பினார். அப்பாட்டின் நயத்திலே அத்தந்தை ஆறுதல் தேடினார் என்பதை அவரை அறிந்தோர் பதிவு செய்துள்ளனர். பாட்டைப் பொழுதுபோக்காகக் கொண்டவருக்கு இது இயலாது. அதன்பின்னும் குற்றாலத்து வீட்டுக்கு வந்தவர்களுக்கு உணவு தட்டுப்பட்டதில்லை, கம்பரும் தட்டுப்பட்டதில்லை.

நம் மாணவர்கள் சீறாப்புராணத்தைக் கற்கும்போதும் இதே தடையில் நின்றுவிடுவதைக் காண்கிறோம். உமறுப் புலவர் அரபு நாட்டை வருணிக்கையிலும் கம்பரைப் போன்றே நாட்டுப்படலம் அமைத்து, மழையையும் ஆற்றையும் வயலையும் தமிழ்நாட்டு உழவனின் சொற்களால் பாடியுள்ளார். கம்பரின் வரப்பில் நடந்து பழகியவனுக்கு உமறுவின் வயல் அந்நியமாகாது. நாகூரில் 1921-இல் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்த எம்.எம். இஸ்மாயில், கம்பரிலேயே தோய்ந்து நூல்கள் பல எழுதியதும் சென்னைக் கம்பன் கழகத்தை வழிநடத்தியதும் நம் பெரியோர்கள் அறிந்தவை. அவர் 2005-இல் காலமானார்.

டி.கே.சி. 1954-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் குற்றாலத்தில் காலமானார். அவர் அன்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வெளிவந்தன. தென்காசி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்து மாணவர் எவரேனும் கம்பரைத் தொடங்க எண்ணினால், உரைநூலை மேசைமேல் மூடி வைத்துவிட்டு, முதலில் அக்கடிதங்களில் நான்கைந்தைப் படித்துவிட்டு நாட்டுப்படலத்துக்கு வருமாறு பரிந்துரைக்கிறேன்.