நிலா மண்ணில் உயிரைத் தேடிய இலங்கையர்: யார் இந்த சிரில் பொன்னம்பெரும?

1969 ஜூலை 24. நிலாவில் இறங்கிய அப்போலோ 11 வீரர்கள் பசிபிக் கடலுக்குத் திரும்பினார்கள். உலகமே கொண்டாடியது, ஆனால் கைகுலுக்கக்கூட யாரையும் அருகில் விடவில்லை. கோவிட் காலத்தில் நாம் ஹோட்டல் அறையில் அடைந்து கிடந்தோமே, அதே கதைதான். நிலாவில் கால் வைத்ததிலிருந்து கணக்குப் போட்டு 21 நாள் தனிமைப்படுத்தல்.

காரணம் கிருமி பயம். மனிதன் வேற்றுலக உயிரைச் சந்தித்திருக்கலாம் என்று ஓர் அரசாங்கமே நிஜமாகத் தயாரான நேரம் அது. நிலா மண்ணை எலி, மீன், கரப்பான்பூச்சி (ஆமாம், கரப்பான்பூச்சிதான்) என்று பல உயிர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

அந்த மண்ணில் ஒரு பங்கு கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்குப் போனது. அங்கே அதை ஆராய்ந்த குழுவின் தலைவர்தான் சிரில் பொன்னம்பெரும.

தத்துவம் படித்த வேதியியலாளர்

பிரிக்பீல்ட்ஸ் மகா விகாரை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இங்கு குடியேறிய இலங்கைச் சிங்களவர்கள் கட்டியது. அவர்கள் விட்டு வந்த அதே தீவில், காலி நகரில், 1923-இல் பிறந்தவர் இவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இவர் வாங்கிய பட்டம் தத்துவத்தில்! பிறகு லண்டனில் வேதியியல், 1962-இல் பெர்க்லியில் முனைவர் பட்டம், அடுத்த ஆண்டே நாசா.

ஆதி பூமியில் இருந்திருக்கக்கூடிய வாயுக்களில் கதிர்வீச்சைப் பாய்ச்சி, மரபணுவின் ஒரு கூறான அடினினை உருவாக்கிக் காட்டியது இவர் குழு. உயிரின் மூலப்பொருள் இங்கே தானாக உருவாகும் என்றால், வேறு உலகில் ஏன் உருவாகக்கூடாது?

நிலா மண் இதற்குக் கைகொடுக்கவில்லை. கொஞ்சம் கார்பன் இருந்தது, உயிர் இல்லை. தென்பட்ட மிகச்சிறு நிறமித் தடயங்கள்கூட விண்கலத்தின் ராக்கெட் புகையால் வந்திருக்கலாம் என்றே கருதப்பட்டது.

வானத்திலிருந்து விழுந்த கல்

பதில் தேடிப் போகாமலே வந்தது. 1969 செப்டம்பர் 28 அன்று, ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதை ஏம்ஸ் குழு கண்டது.

இங்கேதான் சிக்கல். உங்கள் விரல் ரேகையிலேயே அமினோ அமிலம் உண்டு. தொட்டவர் கையிலிருந்து ஒட்டியதா, கல்லோடு வந்ததா?

நம் இரண்டு கைகளைப் போல, அமினோ அமிலங்களிலும் இடது, வலது என்று இரு வகை உண்டு. பூமியில் உள்ள உயிர்களின் புரதங்களில் இருப்பது கிட்டத்தட்ட இடது வகை மட்டுமே. மர்ச்சிசன் கல்லில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. போதாததற்கு, நம் புரதங்களில் இல்லாத அமிலங்களும் கிடைத்தன. ஆக, அது யார் கையழுக்கும் இல்லை. 1970 டிசம்பரில் முடிவு வெளியானது.

கவனியுங்கள், அது உயிர் அல்ல, உயிருக்கான செங்கல் மட்டும்தான். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டுத்தான் பலர் இன்னும் சமூக ஊடகங்களில் பகிர்கிறார்கள்.

1971-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1984 முதல் 1990 வரை இலங்கையில் அடிப்படை ஆய்வு நிறுவனத்தை நடத்தினார். 1994 டிசம்பரில் காலமானார். நம் கோலாலம்பூர் தேசிய கோளரங்கம் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

இரண்டே ஆண்டுகளில், செவ்வாயிலிருந்து வந்த ஒரு விண்கல்லில் பழங்கால உயிரின் தடயம் இருப்பதாக நாசா விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். பெரும்பாலான விஞ்ஞானிகள் அதை இன்றுவரை ஏற்கவில்லை. 2021 முதல் பெர்சவரன்ஸ் ஊர்தி செவ்வாயின் பாறைத் துண்டுகளைக் குழாய்களில் அடைத்து வருகிறது. அவை என்றாவது இங்கு வந்தால், அந்த வீரர்களைப் போலவே முதலில் தனிமைப்படுத்தலுக்குத்தான் போகும்.