பேராசைக்குப் பலியான ரோமாபுரிக் கோடீசுவரன்

இலத்தீன் மொழியில் 'குபிடிட்டாஸ்' என்று ஒரு சொல் உண்டு. ஆசை என்பது அதன் பொருள். அளவோடு இருந்தால் விருப்பம். பெண் மீது சென்றால் மோகம். பொன் மீது பாய்ந்தால் பேராசை. காதல் தெய்வமான கியூப்பிட்டின் பெயரும் இதே வேரில் பிறந்ததுதான். பொன்னாசை, புகழாசை, பதவி ஆசை எல்லாவற்றையும் ரோமர்கள் இந்த ஒரே சொல்லால் குறித்தார்கள். இத்தனை பொருளுக்கும் உதாரணம் போல வாழ்ந்தவன் மார்க்கஸ் லிசினியஸ் கிராசஸ்.

குகையில் 8 மாதம்

கி.மு. 115-ம் ஆண்டு வாக்கில் கிராசஸ் பிறந்தான். கி.மு. 87-ல் ரோமாபுரியில் நடந்த உள்நாட்டுக் கலவரத்தில் தந்தையையும் சகோதரனையும் பறிகொடுத்தான். ஸ்பெயினுக்குத் தப்பி ஓடி, கடலோரக் குகை ஒன்றில் 8 மாதம் ஒளிந்து கிடந்தான்.

பிறகு சுல்லா என்ற தளபதியுடன் சேர்ந்தான். கி.மு. 82-ல் ரோமாபுரியின் வாசலில் நடந்த போரில் சுல்லாவுக்கு வெற்றி தேடித் தந்தான். சுல்லா தன் எதிரிகளின் பெயர்களைப் பட்டியல் போட்டுக் கொன்றான். அவர்களுடைய சொத்துக்கள் ஏலத்துக்கு வந்தன. கிராசஸ் அவற்றை அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்தான்.

எரியும் வீடு

ரோமாபுரியில் அடிக்கடி தீப்பிடிக்கும். வீடு எரியும்போதே கிராசஸ் அங்கே போய் விலை பேசுவான். பக்கத்து வீட்டுக்காரர்களும் பயந்து போய்க் கேட்ட விலைக்குக் கொடுத்து விடுவார்கள். கட்டிட வேலை தெரிந்த 500-க்கும் மேற்பட்ட அடிமைகள் அவனிடம் இருந்தார்கள். நகரத்தின் பெரும்பகுதி இப்படி அவன் கைக்கு வந்தது. முடிவில் அவன் சொத்து 7,100 தாலந்து என்று புளுட்டார்க் என்ற வரலாற்று ஆசிரியர் கணக்குச் சொல்கிறார். ஒரு தாலந்து சுமார் 26 கிலோ வெள்ளி.

காப்பாற்றிய பேராசை

ஒரு சமயம் விபரீதமான வழக்கு ஒன்று வந்தது. வெஸ்டா தேவி கோவிலின் கன்னிப் பூசாரிணி லிசினியாவுடன் கிராசஸ் கள்ள உறவு கொண்டான் என்பது குற்றச்சாட்டு. கற்பு தவறிய பூசாரிணியை உயிரோடு புதைப்பது ரோமர் வழக்கம். விசாரணையில் உண்மை வெளிவந்தது. அவளுக்கு ஓர் அழகான தோட்ட வீடு இருந்தது. அதைக் குறைந்த விலைக்கு வாங்கத்தான் கிராசஸ் அவள் பின்னால் சுற்றினான்! நீதிபதிகள் அதை நம்பினார்கள். பெண்ணாசை என்ற பழியிலிருந்து பொன்னாசை அவனைக் காப்பாற்றியது.

புகழ் வேட்கை

கி.மு. 73-ல் ஸ்பார்ட்டக்கஸ் தலைமையில் அடிமைகள் கிளர்ந்து எழுந்தார்கள். கி.மு. 71-ல் கிராசஸ் அவர்களை முறியடித்தான். பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோமாபுரி வரை சாலையோரத்தில் சிலுவையில் அறைந்தான். ஆனால், தப்பி ஓடிய கொஞ்சம் பேரைக் கொன்ற பாம்ப்பி, போரை முடித்தவன் தானே என்று பெருமை அடித்துக் கொண்டான். அந்தப் புண் ஆறவே இல்லை.

10,000 மேசைகள் போட்டு மக்களுக்கு விருந்து வைத்தும் பயன் இல்லை. கி.மு. 60-ல் பாம்ப்பியுடனும் சீசருடனும் கூட்டுச் சேர்ந்தான். மற்ற இருவருக்கும் போர்க்களப் புகழ் இருந்தது. அவனுக்கோ பணம் மட்டும்தான்.

பாலைவனத்தில் முடிவு

60 வயதில் பார்த்தியா நாட்டின் மீது படை எடுக்கப் புறப்பட்டான். பார்த்தியர்கள் ரோமாபுரிக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. மக்கள் மன்றத் தலைவர் ஒருவர் நகர வாசலிலே நின்று சாபம் கொடுத்தார். கிராசஸ் கேட்கவில்லை. வழியில் எருசலேம் ஆலயத்தின் செல்வத்தையும் சூறையாடினான்.

கி.மு. 53-ல் கார்ரே என்ற இடத்தில் பார்த்தியரின் குதிரை வில்லாளிகள் ரோமர்களை வளைத்துக் கொண்டார்கள். அம்பு மழை ஓயவில்லை. மகன் பப்ளியஸின் தலையை எதிரிகள் ஈட்டியில் குத்தித் தந்தையின் கண் முன்னே காட்டினார்கள். சமாதானம் பேசப் போன கிராசஸும் கைகலப்பில் வெட்டுண்டு விழுந்தான். அந்தப் படையெடுப்பில் 20,000 பேர் மாண்டார்கள். 10,000 பேர் சிறைப்பட்டார்கள்.

பார்த்தியர்கள் பொன்னை உருக்கி அவன் வாயில் ஊற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அவனுடைய பொன்னாசையை உலகம் மறக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அவனைக் கொன்றது பொன்னாசை மட்டும் அல்ல. பொன் எவ்வளவு குவிந்தும் அடங்காத புகழாசைதான் அவனைப் பாலைவனத்துக்கு இழுத்துச் சென்றது. அந்த ஆசைக்கு விலை கொடுத்தவர்களோ அவன் மகனும், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான சிப்பாய்களும்.