மாவள வீரரும் மன்னன் சிவாஜியும்

கூலி கொடுத்தால் ஒருவன் மண்வெட்டி பிடிப்பான். கூலிக்காக மாத்திரம் எவனும் உயிரைக் கொடான். படை நடத்துவோர் யாவர்க்கும் உள்ள சங்கடம் இதுவே. ஓடினால் உயிர் தப்பலாம் என்பது போர்க்களத்தில் நிற்கும் ஒவ்வொருவனுக்கும் தெரியும். தெரிந்தும் அவனை நிற்கச் செய்வது யாது? மகாராட்டிர மன்னன் சிவாஜியின் சரித்திரத்தை இக்கேள்வியோடு படிப்போர்க்கு அதிலே புதியதொரு சுவை பிறக்கும்.

சிவாஜி 1630ஆம் ஆண்டிலே சிவனேரிக் கோட்டையிற் பிறந்தான். 1627 என்பாரும் உளர். தந்தை சாகாஜி பீஜப்பூர் சுல்தானிடம் தளபதியாய்த் தூரதேசங்களிற் சேவித்தமையால், மைந்தனைப் புனாவிலே வளர்த்தவள் அன்னை ஜீஜாபாய். புனாவுக்கு மேற்கே சகியாத்திரி மலைச்சாரலிலுள்ள பள்ளத்தாக்குகளுக்கு மாவளம் என்று பெயர். அங்கு வாழ்ந்தோர் ஏழை உழவர். கல்லும் முள்ளும் அவர்க்குப் பழக்கம். இளமையிலே சிவாஜி அவர்களோடு மலையேறித் திரிந்தான். பின்னாளில் அவன் படைக்கு ஆணிவேராய் நின்றவர்களும் அவர்களே.

ஆபத்தான காரியங்களுக்கு அவன் பிறரை ஏவிவிட்டுப் பின்னே இருந்தவனல்லன். 1659இல் பிரதாபகட அடிவாரத்திலே பீஜப்பூர்த் தளபதி அப்சல்கானை நேரிற் சந்திக்கச் சென்றவன் அவனே. 1663இல் மொகலாயத் தளபதி சாயிஸ்தகான் தங்கியிருந்த புனா மாளிகையுள் நள்ளிரவிற் புகுந்தவனும் அவனே. ஒரு தளபதியை அனுப்பியிருக்கலாம், அனுப்பினானில்லை. தலைவன் முன்னே நுழைந்த வாயிலிற் பின்னே நுழைய எவன் தயங்குவான்?

ஆயினும், இஃதொன்றே போதுமென்று நினைத்துவிடலாகாது. வீரத்தைப் பாடுவோர் சம்பளக் கணக்கைப் பாடுவதில்லை. சிவாஜி அதை மறந்தவனல்லன். படைவீரர்க்கு நிலமானியம் வழங்கும் வழக்கத்தைக் குறைத்து, அரச திறைசேரியிலிருந்தே ஊதியம் கொடுப்பித்தான். அப்சல்கான் படையை வென்ற பின் காயமுற்றோர்க்கு அவரவர் காயத்துக்குத் தக்கவாறு 25, 50, 100, 200 வராகன் என அளந்து கொடுத்தான். இறந்தோரின் மைந்தரைச் சேவகத்திற் சேர்த்தான்; மைந்தரில்லாத கைம்பெண்களுக்குக் கணவன் சம்பளத்திற் பாதியை உபகாரமாக விதித்தான். தான் வீழ்ந்தால் வீட்டில் அடுப்பெரியுமா என்ற கவலை நெஞ்சை அரிக்கும்போது, எவனுக்குத்தான் வாள் ஓங்கக் கை எழும்?

1660ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. பன்காளாக் கோட்டையிலே சிவாஜியைச் சித்தி சௌகர் என்பான் நான்கு மாதமளவாக முற்றுகையிட்டிருந்தான். மழை கொட்டிய ஓரிரவிலே சிவாஜி சிறுபடையோடு வெளியேறி விசாலகடம் நோக்கி விரைந்தான். அவனைப்போல் உருவமுடைய சிவா காசித் என்னும் நாவிதன் வேறொரு பல்லக்கில் ஏறிப் பகைவர் கையில் அகப்பட்டு உயிர் துறந்தான் என்பது மகாராட்டிரர் மரபு. பகைவர் பின்தொடர்ந்து நெருங்கியபோது, ஒடுக்கமான ஒரு கணவாயிலே பாஜிபிரபு என்பவன் ஏறக்குறைய முந்நூறு பேருடன் நின்றுவிட்டான். விசாலகடத்திலிருந்து பீரங்கி முழங்கும்வரை வழியை அடைத்து நிற்பதே அவன் பணி. இந்தப் பாஜிபிரபு முன்னர்ச் சிவாஜியை எதிர்த்த பாந்தல் குடியினரின் சேவகன் என்பது கவனிக்கத்தக்கது. முழக்கம் கேட்டது, அதன் பின்னரே அவன் உயிர் பிரிந்தது என்பர்.

வீரரின் உயிரை விலைமதிக்கத் தெரிந்தவனாதலால், 1665இல் புரந்தரக் கோட்டையிலே முரார்பாஜி முதலானோர் மடிந்தபின், மேலும் பலிகொடுக்க மனமின்றி இருபத்துமூன்று கோட்டைகளை மொகலாயரிடம் ஒப்படைத்தான். அவமானந்தான். ஆயினும் ஐந்தாண்டுகளுக்குள் அவற்றை மீட்கத் தொடங்கியபோது, மீட்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். 1670இல் தானாஜி தன் மகன் கலியாணத்தையும் ஒத்திவைத்துச் சிங்ககடத்துச் செங்குத்துப் பாறையில் இரவிலேறி மாண்ட கதையைச் சிறுவரும் அறிவர், விரிக்க வேண்டியதில்லை.

அதிகம் பேசப்படாதது பிரதாபராவ் குசரின் முடிவு. குதிரைப்படைத் தலைவனாகிய அவன், 1673இல் உம்ராணியிலே பீஜப்பூர்த் தளபதி பகலோல்கானை மடக்கியும், அவன் இரங்கி வேண்டவே போகவிட்டான். கானோ மீண்டும் படையெடுத்தான். சினந்த சிவாஜி, பகைவனை வெல்லாமல் முகத்தில் விழிக்க வேண்டாமென்று ஓலை விடுத்தான். அச்சொல் பிரதாபராவின் நெஞ்சைச் சுட்டது. 1674 பெப்ரவரியிலே நேசரி என்னுமிடத்திற் கானின் படையைக் கண்டதும், தன் சேனை வரும்வரை பொறாமல், ஆறே குதிரைவீரருடன் அப்பெரும்படைமேற் பாய்ந்தான் என்று மரபு கூறும். எழுவரும் மடிந்தனர். இதனை வீரமென்று போற்றுவார் போற்றுக. படைத்தலைவன் கண்கொண்டு நோக்கின் இது வீண் நட்டமே. பாஜிபிரபுவின் சாவால் ஓர் அரசு பிழைத்தது. பிரதாபராவின் சாவால் யார் பிழைத்தார்? உயிரைத் துரும்பாக மதிக்கும் ஒருவனிடம் தலைவன் சினத்தில் உதிர்க்கும் ஒரு சொல் எவ்வளவு பாரமுடையது என்பதைச் சிவாஜி அன்று அறிந்திருத்தல் வேண்டும். அதே ஆண்டு யூன் மாதத்தில் இராயகடத்திலே அவன் முடிசூடியபோது அந்தத் தளபதி இல்லை. பின்னர்ப் பிரதாபராவின் மகளைத் தன் இளைய மைந்தன் இராசாராமுக்கு மணம் முடித்துவைத்தான்.

1680 ஏப்பிரில் மாதத்தில் இராயகடத்திலே சிவாஜி காலமானான். 1677இல் அவன் வென்று அரண்செய்த தமிழ்நாட்டுச் செஞ்சிக்கோட்டையே, 1689இல் இராசாராமுக்குப் புகலிடமாயிற்று. 1698 வரை அக்கோட்டை முற்றுகைக்கு ஈடுகொடுத்து நின்றது. அங்கிருந்தே கிருஷ்ணாஜி அனந்த சபாசத் என்னும் முதிய சேவகர் தம் பழைய அரசனின் சரித்திரத்தை எழுதினார். காயமுற்றோர்க்கும் கைம்பெண்களுக்கும் சிவாஜி வகுத்த கணக்கை இன்று நாம் அறிவது அவர் எழுதிவைத்ததனாலேதான்.