கணக்கறிந்த நடேசய்யர்

மலைநாட்டுத் தோட்டங்களில் வழங்கும் சொற்களுள் ‘பேர்’ என்பது ஒன்று. இலக்கணம் கற்றோர் அதனைப் பெயர் என்பதன் மரூஉ எனச் சொல்லி அமைவர். அட்டனிலோ நுவரெலியாவிலோ கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணைக் கேட்டால், பேர் என்பது ஒரு நாட்கூலி என்பாள். பேர் விழுந்தால் கூலி உண்டு. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். அன்றைக்குப் பாதிக் கூலிதான். ஒருவருடைய பெயரே அவர் கூலிக்கு ஆகுபெயராய் நிற்கும் இவ்வழக்கை மாணவர்க்கு எடுத்துக்காட்டும்போதெல்லாம், அந்தப் பேரை எழுதும் கை எத்துணை வலியது என்று எண்ணாதிருக்க என்னால் முடிவதில்லை. அக்கையைப் பிடித்து நிறுத்திக் கணக்குக் கேட்ட முதல்வர்களுள் ஒருவர் கோதண்டராம நடேசய்யர்.

தஞ்சையைச் சேர்ந்த ஐயர் கணக்கியலும் வணிகமும் கற்பித்தவர். வர்த்தகமித்திரன் என்னும் வணிக இதழை நடத்தியவர். அரசியல் மேடையிலிருந்து வந்தவரல்லர், பேரேட்டிலிருந்து வந்தவர் என்பதை நம்மவர் பலர் மறந்துவிடுகின்றனர். அவருடைய பிற்கால வாழ்வு முழுவதற்கும் திறவுகோல் இதுவே என்பது என் துணிபு. வணிகர் தொடர்பாக இலங்கைக்கு வந்தவர், தோட்டங்களில் உழலும் தமிழர் நிலையைக் கண்டார். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொழும்பிலே தங்கிப் பத்திரிகைத் தொழிலில் இறங்கினார். தேசநேசனும் அதன்பின் தேசபக்தனும் அவர் ஆசிரியத்துவத்தில் வெளிவந்தன. ஆங்கிலம் அறிந்த ஆட்சியாளர் காதில் விழவேண்டியதை ஆங்கிலத்திலும் எழுதினார்.

அக்காலத் தோட்டங்களுள் வெளியார் நுழைதல் எளிதன்று. லயத்துக்குச் சென்று தொழிலாளரோடு பேசினால், அத்துமீறி நுழைந்தவரென்று வழக்குத் தொடரலாம். ஐயர் புடைவை வியாபாரி வேடத்தில் மூட்டை சுமந்து தோட்டங்களுக்குட் சென்றார் என்று மலைநாட்டில் இன்றும் சொல்வர். துரை பங்களாவிற்கும் லயத்திற்கும் இடையே தங்குதடையின்றி நடக்கக்கூடிய அயலார் அந்நாளில் வியாபாரிகளே ஆதலால், அவர் தேர்ந்த வேடம் பொருத்தமானதே.

அவர் அங்கே கண்டது கடன் கணக்கு. தமிழகத்திலிருந்து ஆள் திரட்டிவரும் பெரிய கங்காணி முன்பணம் கொடுப்பான்; அக்கடன் தொழிலாளி தலைமேல் ஏறும். அவன் வேறு தோட்டம் போக வேண்டுமாயின் கடன் தொகை குறித்த ‘துண்டு’ ஒன்று வேண்டும். புதிய துரை அத்தொகையைக் கட்டி அவனை ஏற்பான். சுருங்கச் சொன்னால், ஒரு கடதாசித் துண்டு ஒரு குடும்பத்தின் விலைச்சீட்டாயிற்று. 1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. தாள் ஒழிந்ததேயன்றிக் கங்காணியின் பிடி ஒழியவில்லை. ஆகவே ஐயர் துரைமாரையும் கங்காணிமாரையும் ஒருசேர எதிர்த்தார். இருசாராரும் அவரை ஒருசேர வெறுத்தனர்.

1920-களின் நடுவில் அவர் சட்டநிரூபண சபைக்கு இந்தியர் பிரதிநிதியாகத் தெரிவானார். 1927-ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலி வகுக்கும் சட்டம் நிறைவேறியது. 1929-இல் மலைநாட்டின் உயர்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் என நாட்கூலி வரையறுக்கப்பட்டது. அன்றைய நிலையில் சட்டம் காவலிட்ட கூலி பெரும்பேறே. எனினும் இதனை யார் பேசி முடித்தார்கள் என்று பார்த்தல் வேண்டும். இந்திய அரசாங்கம் ஒருபுறம், இலங்கை அரசாங்கம் ஒருபுறம், தோட்ட முதலாளிகள் ஒருபுறம். கொழுந்து எடுத்தவளுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. ஐயர் உள்ளத்தை உறுத்தியது 54 என்ற எண் மட்டுமன்று. அவ்வெண்ணைப் பேசும் உரிமை தொழிலாளர்க்கு இல்லை என்பதுமாம்.

கொழும்பு நகரத்து நிலை வேறு. அங்கே ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கம் வேலைநிறுத்தங்களால் வலிமை பெற்று, 1929-இல் முதலாளிமார் சம்மேளனத்தோடு கூட்டு உடன்படிக்கையே செய்துகொண்டது. ஐயர் முன்னர் குணசிங்காவோடு தோளோடு தோள் நின்று உழைத்தவர். அச்சங்கத்தின் உபதலைவராகவும் இருந்தவர். பொருளாதார மந்தம் வந்து வேலை அருகியபோது குணசிங்காவின் பேச்சு இந்தியத் தொழிலாளர்க்கு எதிராகத் திரும்பிற்று; இருவரும் பிரிந்தனர். பிரிவுக்கு ஐயரின் கடுமையும் ஓரளவு காரணமென்பாருளர். அவர் யாரோடும் எளிதில் இணங்கிப்போகும் இயல்பினர் அல்லர் என்பது மெய்யே. ஆயினும் இந்தியன் என்பதனால் ஒரு தொழிலாளியை வெளியேற்றச் சொல்லும் சங்கத்தில் அவர் எவ்வாறு இருந்திருக்கக்கூடும்?

கொழும்பை விட்டு அவர் அட்டனுக்கு வந்தார். 1931 ஜனவரியில் அங்கே அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தோன்றியது. தோட்டத் தொழிலாளர்க்கென எழுந்த முதற் சங்கம் இதுவே. காலமோ பொல்லாதது. தேயிலை விலை வீழ்ந்தது. 54 சதம் 49 சதமாகக் குறைக்கப்பட்டது. சம்மேளனம் கூட்டங்கள் கூட்டிற்று, துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டது. துரைமார் சங்கமோ அதனோடு பேச முன்வரவில்லை. தொழிலாளி குறை சொல்ல விரும்பினால் கங்காணி மூலம் துரையிடம் சொல்லலாம் என்பதே பழைய ஒழுங்கு. யார்மேல் குறையோ அவர் வாயிலாகவே குறையைச் சொல்லும் விந்தையான ஒழுங்கு!

எழுத்தறியாத மக்களுக்கு எழுத்தால் மட்டும் எடுத்துரைத்தல் இயலாது. இவ்விடத்தில் அவர் துணைவியார் மீனாட்சியம்மையின் பணி பெரிது. அவ்வம்மையார் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கி, கூட்டங்களிற் பாடினார். அப்பாடல்கள் சிறு நூல்களாகவும் பரவின. யாப்பில் அங்கங்கே தளை தட்டலாம். பிரட்டுக்களத்திலிருந்து களைத்து வந்த பெண்கள் அவற்றைக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள் என்றால், புலவர் எவரும் குறைகூற நாணுவர்.

1936-இல் அட்டன் தொகுதி மக்கள் ஐயரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். 1947 வரை அவர் அவ்விடத்தை வகித்தார். தோட்டக் கணக்குகளை எண்ணெண்ணாகச் சபையில் எடுத்து வைப்பது அவர் வழக்கம்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரால் சுடப்பட்டு இறந்தான். அவ்வாண்டு தோட்டமெங்கும் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. பத்தாண்டுகள் மனுவுக்கு இளகாத துரைமார் சங்கம் அப்பொழுதுதான் இளகிற்று. தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. சங்கம் சேரும் உரிமையும், பிணக்குகளை இருதரப்பாரும் அமர்ந்து பேசும் முறையும் அதனால் ஏற்கப்பட்டன. கொழும்புத் தொழிலாளி 1929-இல் அமர்ந்த மேசைக்குத் தோட்டத் தொழிலாளி 11 ஆண்டு பிந்தி வந்து சேர்ந்தான்.

அந்த வெற்றியின் கனி ஐயர் கைக்கு முழுவதும் வரவில்லை. 1939-இல் தோன்றிய இலங்கை இந்திய காங்கிரஸ் தனக்கெனத் தொழிற்சங்கம் அமைத்தது. தொழிலாளர் பெருந்தொகையாக அதிற் சேர்ந்தனர். ஐயரின் சம்மேளனம் மெலிந்தது. நிலத்தைக் கொத்தியவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர். இதனை வஞ்சனை என்று நான் கருதவில்லை. தனி மனிதரைச் சுற்றி எழுந்த சங்கத்துக்குப் பல தலைவர் கொண்ட சங்கத்தோடு நெடுநாள் போட்டியிடுதல் அரிது.

1947 நவம்பரில் ஐயர் காலமானார். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அவருக்கு வாக்களித்த மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். விரைவில் வாக்குரிமையும் இழந்தனர். கூலிப் பேச்சு மட்டும் ஓயவில்லை. 1990-களிலிருந்து கம்பெனிகளும் சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் செய்து கூலியை வகுத்தன. 2021-இல் அம்முறை முறிந்து, சம்பளச் சபையே நாட்கூலி 1000 ரூபா என விதித்தது.

ஐயர் தமிழில் எழுதிய நூல்களும் சில உள. ‘நீ மயங்குவதேன்’ என்பது கட்டுரை நூல். இராமசாமி சேர்வையின் கதையை நாடகமாகவும் எழுதினார். அலங்காரமற்ற அவருடைய உரைநடையை நம் பாடநூற் குழுவினர் கண்ணெடுத்தும் பார்த்திலர். நெடுங்காலம் மறைந்து கிடந்த அவர் வரலாற்றைத் தேடித் தொகுத்து, ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்னும் பெயரால் 1988-இல் நூலாக்கியவர் மலையக எழுத்தாளர் சாரல்நாடன். எங்கள் கல்லூரி மாணவர்க்கு விடுமுறை வாசிப்புக்கு அந்நூலையே இவ்வாண்டு குறித்திருக்கிறேன்.