கரும்பையும் காட்டையும் போற்றிய ஜானகி அம்மாள்

காவிரிக் கரையோரமாக மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கம் செல்லும்போது கரும்புத் தோட்டங்களைக் காண்கிறோம். ஆற்றோரம் வெண்ணிறப் பூக்களுடன் நாணலும் நிற்கும். கரும்பை ஆலைக்கு அனுப்புகிறோம், வெல்லமாகக் காய்ச்சுகிறோம். நாணலை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் இவை இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அந்த உறவை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற பெண்மணியே டாக்டர் ஜானகி அம்மாள்.

இவர் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் நீதிபதி, செடி கொடிகளில் மிகுந்த ஆர்வமுடையவர். நம்மைப் போலவே ஜானகியும் கன்னியர் நடத்திய பள்ளியில்தான் பயின்றார். தலைச்சேரி திரு இருதயப் பள்ளி அது. பின்பு சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். பெண்ணுக்குத் திருமணமே எல்லை என்றிருந்த காலம் அது. சகோதரிகள் மணம் புரிந்துகொண்டனர். இவரோ கல்வியைத் தேர்ந்துகொண்டார். உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934-ல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். தடித்த கரும்பில் இனிப்பு மிகுதி. ஆனால் நோயையும் வறட்சியையும் தாங்காது. நாணலில் இனிப்பு இல்லை. ஆனால் எதையும் தாங்கும். இரண்டையும் இணைத்துப் புதிய இரகங்களை உண்டாக்கும் பணி அந்த நிலையத்தில் 1912-லேயே தொடங்கியிருந்தது. ஜானகி அம்மாள் நுண்ணோக்கியின் வழியே செல்களுக்குள் நோக்கிக் குரோமோசோம்களை எண்ணினார். தடித்த கரும்பில் அவை 80. நாணலிலோ இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை வேறுபடும். எது எதனோடு இணையும் என்பதை அறிய இந்தக் கணக்கு இன்றியமையாதது. கரும்பை மக்காச்சோளத்தோடும் இணைத்துக் காட்டினார்.

பின்னர் இங்கிலாந்து சென்றார். போர்க்காலக் குண்டுவீச்சுக்கு இடையிலும் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை 1945-ல் வெளியிட்டார். பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951-ல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையைச் சீரமைத்தார். 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

காட்டுச் செடி அழிந்தால் நாட்டுப் பயிருக்குத் துணையில்லை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆகவே, கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டிக் காட்டை மூழ்கடிக்கும் திட்டம் வந்தபோது, எண்பது வயதைக் கடந்தும் எதிர்த்துக் குரல் கொடுத்தார். அங்குள்ள மரங்களின் குரோமோசோம்களை ஆராயவும் முனைந்தார். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை, காடு இருக்கிறது.

தோழியரே, இறைவன் படைப்பில் வீணானது எதுவுமில்லை. ஆற்றோர நாணலும் நமக்கு ஒரு பாடநூலே. அதைப் படிக்கும் கண்ணையும், படித்ததைக் காக்கும் துணிவையும் நாமும் பெறுவோமாக!