பவழத் தீவு கண்ட டார்வின்

டார்வின் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது குரங்கு. பள்ளிப் பருவத்திலேயே அவருக்கு ஒரு முத்திரை குத்தி மூலையில் நிறுத்திவிட்டோம். அந்தப் பழைய வழக்கை இங்கே நான் எடுக்கப் போவதில்லை. எனக்கு நெருக்கமான டார்வின் வேறொருவர். தாடி நரைக்காதவர், இருபத்தேழு வயதினர், இடுப்பளவு நீரில் நின்று கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எண்ணி எண்ணிப் பார்த்தவர். நிலவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அந்த இளைஞரைத்தான் உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

1809 பிப்ரவரி 12-ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் சார்லஸ் டார்வின் பிறந்தார். தந்தையார் பெயர் பெற்ற மருத்துவர். மகனும் மருத்துவனாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. எந்த நாட்டில்தான் இந்த ஆசை இல்லை! 1825-இல் எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டார். மயக்க மருந்து தோன்றாத காலம் அது. ஒரு குழந்தைக்கு நடந்த அறுவையைக் காணப் பொறாமல் பாதியிலேயே வெளியேறினார். பின்னர் அப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் எடின்பரோவை அடுத்த கடற்கரை அவரை ஈர்த்தது. ராபர்ட் கிராண்ட் என்ற அறிஞருடன் சேர்ந்து பாறை இடுக்குகளிலும் குட்டைகளிலும் சிற்றுயிர்களைத் தேடி அலைந்தார். ஃபிளஸ்ட்ரா எனப்படும் பாசி போன்ற கடலுயிரின் குஞ்சுகள் தாமாகவே நீந்துகின்றன என்று நுண்பெருக்கியில் கண்டார். அதை 1827-இல் பிளினியன் சங்கத்தில் எடுத்துரைத்தார். அது என்ன சங்கம் தெரியுமா? மாணவர் சங்கம்! ஆண்டு விழாவும் தேநீரும் மட்டுமே சங்கத்தின் வேலை என எண்ணும் நம் செயற்குழு நண்பர்கள் இதைச் சற்றே மனத்தில் கொள்வார்களாக.

மருத்துவம் கைவிடப்பட்டது. கேம்பிரிட்ஜில் சமயகுருவுக்கான படிப்பு தொடங்கிற்று. அங்கே பேராசிரியர் ஹென்ஸ்லோவின் நட்பால் பீகிள் கப்பலில் இடம் கிடைத்தது. 1831 டிசம்பர் 27 அன்று கப்பல் புறப்பட்டது. ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றியது. கடலை ஆராயச் சென்ற அம்மனிதருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவே இல்லை. கப்பல் ஆடிய நாளெல்லாம் குமட்டலும் படுக்கையுமாகக் கிடந்தார்.

அக்காலக் கடலோடிகளை ஒரு புதிர் வாட்டியது. நடுக்கடலில், கரையே இல்லாத இடத்தில், மோதிரம் போல வட்டமாகப் பவழத் தீவுகள் நிற்கின்றன. வளையத்தின் உள்ளே அமைதியான காயல். வெளியே அளக்க முடியாத ஆழம். பவழப்பூச்சிகளோ ஆழமற்ற வெதுவெதுப்பான நீரில்தான் பார் கட்டும். (நம் மன்னார் வளைகுடா மீனவர் வழங்கும் 'பார்' என்ற சொல்லையே நானும் வழங்குகிறேன்.) அடியில் வாழ முடியாத உயிர் அடியிலிருந்து கட்டி எழுப்பியது எங்ஙனம்? கடலில் மூழ்கிய எரிமலை வாய்களின் விளிம்பில் அவை அமர்ந்திருக்கின்றன என்றார் நிலவியல் பேரறிஞர் லயெல். இதை ஆராய்ந்து வருமாறு பீகிளின் தலைவர் பிட்ஸ்ராய்க்குக் கடற்படை அலுவலகமும் பணித்திருந்தது.

விடை கிடைத்தது கடலில் அன்று, நிலத்தில். 1835 பிப்ரவரி 20 அன்று தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக் கரையில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. வால்டிவியா ஊரருகே காட்டில் படுத்து இளைப்பாறிக்கொண்டிருந்த டார்வின் தரை அசைவதைத் தம் உடலாலேயே உணர்ந்தார். பின்னர் கன்செப்சியோன் பகுதிக்குச் சென்றபோது, கரை சில அடி மேலெழுந்து, கிளிஞ்சல்கள் நீர் மட்டத்துக்கு மேலே அழுகிக் கிடந்ததைக் கண்டார்கள். இங்கே தரை எழுகிறதென்றால் வேறெங்கோ அது அமிழவும் வேண்டுமன்றோ? அமிழ்வது கடலின் தரையாக இருந்தால்? இந்தக் கேள்வியிலிருந்து முழுக் கொள்கையும் பிறந்தது. எரிமலைத் தீவு ஒன்றின் கரையை ஒட்டிப் பவழம் பார் கட்டுகிறது. தீவு மெல்ல மெல்ல அமிழ்கிறது. பவழமோ ஒளியை நாடி மேலே மேலே கட்டிக்கொண்டே போகிறது. கரைக்கும் பாருக்கும் இடையே நீர் புகுகிறது. கடைசியில் தீவு அடியோடு மறைந்துவிட, அதைச் சுற்றியிருந்த வளையம் மட்டும் எஞ்சுகிறது. வியப்பு என்னவென்றால், இதையெல்லாம் எண்ணி முடித்தபோது அவர் ஒரு பவழப்பாரைக்கூடக் கண்ணால் கண்டதில்லை!

கண்டது பின்னர்தான். 1835 நவம்பரில் தாகித்தி. 1836 ஏப்ரல் 1 முதல் 12 வரை இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் கீலிங் தீவுகள். இந்தப் பன்னிரண்டு நாட்களைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பாரின் வெளி விளிம்பில் பேரலைகள் ஓயாமல் மோதும். கடல் அடங்கி நீர் வற்றிய வேளை பார்த்து அவர் அங்கே செல்ல முடிந்தது இரண்டே தடவை. அதற்கப்பால் கண் செல்லாது. ஆகவே ஈயக் குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் இறக்கினார்கள். குண்டு தரையைத் தொட்டு மீளும்போது கொழுப்பில் அடித்தளத்தின் அச்சுப் பதிந்து வரும். பத்துப் பாகம், அதாவது ஏறத்தாழ 18 மீட்டர் வரை, கொழுப்பில் மணல் இல்லை. உயிருள்ள பவழத்தின் வடு மட்டும். அதற்குக் கீழே மணல் துகள்கள் ஒட்டின; இறங்க இறங்க மணலே மிகுந்தது. கரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி 7,200 அடிக் கயிற்றை விட்டார் பிட்ஸ்ராய். குண்டு தரை தட்டவில்லை. உயிர் மேலே, அதைத் தாங்கும் மலை எங்கோ கீழே! ஒரு பிடிக் கொழுப்பைக் கொண்டு இவ்வளவு படித்தவர் எவருளர்?

நாடு திரும்பிய டார்வினின் விளக்கத்தைக் கேட்ட லயெல், தம் கொள்கை தகர்ந்ததற்கு வருந்தாமல் மகிழ்ச்சியால் கூத்தாடினார் என்பர். அப்படிப்பட்ட ஆசிரியர் வாய்ப்பது அரிது. 1837 மே 31 அன்று லண்டன் நிலவியல் கழகத்தில் கட்டுரை படிக்கப்பெற்றது. 1842-இல் நூல் வெளிவந்தது. மாலத்தீவையும் சாகோஸையும் டார்வின் நேரில் கண்டதில்லை. கப்பல் தலைவர் மோர்ஸ்பி வரைந்த படங்களை விரித்துவைத்தே எழுதினார். அதற்குள் அவர் உடல் நலிந்துவிட்டது. அதே ஆண்டு டவுன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். அதன்பின் கடற்பயணம் என்ற பேச்சே இல்லை. உயிரினத் தோற்றம் பற்றிய 1859-ஆம் ஆண்டு நூலும் அதனால் எழுந்த புயலும் யாவரும் அறிந்தவை.

பவழக் கொள்கைக்கும் எதிர்ப்பு எழுந்தது. தரை அமிழவே வேண்டியதில்லை. கடலடி மேடுகளின் மேல் நுண்ணுயிர் ஓடுகள் குவிந்து உயர, அதன்மேல் பவழம் வளர்ந்தது என்று 1880-இல் ஜான் மர்ரே வாதிட்டார். டார்வின் என்ன செய்தார்? சினந்து மறுப்பு நூல் எழுதவில்லை. 1881-இல் அலெக்சாந்தர் அகாசிக்கு எழுதிய மடலில், எவரேனும் பெருஞ்செல்வர் முன்வந்து வளையத் தீவில் ஐந்நூறு அறுநூறு அடி துளையிட்டுப் பார்க்கமாட்டாரா என்று ஏங்கினார். தாம் சரியோ தவறோ, தீர்ப்பு ஆழத்தில் இருக்கிறது என்பதில் அவருக்கு ஐயமில்லை. மறு ஆண்டு ஏப்ரல் 19 அன்று காலமானார். தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை.

1896 முதல் 1898 வரை பசிபிக் கடலின் ஃபுனாஃபுதித் தீவில் துளையிட்டார்கள். 1,114 அடி வரை பவழச் சுண்ணாம்பே வந்தது. எரிமலைப் பாறை வரவில்லை. இரு தரப்பாரும் வெற்றி தமதே என்றனர். 1952-இல் எனிவெடோக் தீவுகளில் அமெரிக்கர் இட்ட துளைகள் 1,200 மீட்டரைத் தாண்டியபின் எரிமலைப் பாறையைத் தொட்டன. அமிழ்ந்த மலை கிடைத்துவிட்டது! துளையிட்டதன் நோக்கமோ டார்வின் அன்று. அதே ஆண்டு நவம்பரில் அதே தீவுக்கூட்டத்தில் முதல் ஹைட்ரஜன் குண்டை வெடித்து ஒரு தீவையே இல்லாமல் செய்தார்கள். அறிவும் அழிவும் ஒரே கப்பலில் வந்து இறங்கிய கொடுமையை என்னென்பது!

இன்று ஈயக் குண்டின் வேலையை ரோபோக்கள் செய்கின்றன. விளக்கும் படக்கருவியும் இரும்புக் கைகளும் கொண்ட பெட்டியைக் கம்பியில் கட்டிக் கப்பலிலிருந்து இறக்குகிறார்கள். 2020 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் அருகே 500 மீட்டர் உயரமுள்ள தனித்ததொரு பவழப்பாரைக் கண்டார்கள். 'சுபாஸ்டியன்' என்னும் ரோபோ அதை ஆராய்ந்தது. அந்தப் படத்தை விடுதியில் நண்பர்களோடு பார்த்தேன். நீலம் கருமையாகும் இடத்தில் பாறைச் சுவர் மேலே மேலே எழும்ப, எங்கள் அறையில் சற்று நேரம் பேச்சே எழவில்லை. டார்வின் கொழுப்பு தொட்டறிந்த எல்லைக்குக் கீழேயும், 30 முதல் 150 மீட்டர் வரை, மங்கிய ஒளியில் ஒளியுண்ணும் பவழங்கள் வாழ்வதை இக்கருவிகளும் முக்குளிப்போரும் காட்டியுள்ளனர். பனியூழிகளில் கடல்மட்டம் தாழ்ந்தும் உயர்ந்தும் பார்களைச் செதுக்கியதை அவர் கணக்கில் கொள்ளவில்லை என்பதும் இன்று தெளிவு. இருந்தும் அடிப்படை நிற்கிறது.

இது வெறும் பழங்கதை அன்று. நம் லட்சத்தீவுகளும் இத்தகைய வளையங்களே. அமிழ்ந்த எரிமலைத் தொடரின் முதுகில் நிற்பவை. டார்வின் கூற்றின்படி அத்தீவுகளை நீருக்கு மேல் வைத்திருப்பது பாறையன்று, ஓயாமல் கட்டும் உயிர். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் வெம்மையால் அங்கே பவழம் வெளுத்தது. 2024-இல் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. கடல்மட்டமோ ஏறுகிறது. மேலே மடியும் பவழத்துக்கு ஆழத்தில் புகலிடம் உண்டா என்ற கேள்விக்கு எல்லா உயிர்க்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஒவ்வொரு பாராக இறங்கிப் பார்த்தாக வேண்டும்.

கலாபகோஸ் தீவுகளில் பவழப்பார் கிடையாது, நீர் குளிர்ந்திருப்பதே காரணம் என டார்வின் தம் நூலில் குறித்திருந்தார். 2023 ஏப்ரலில் 'ஆல்வின்' என்னும் மூழ்குகலத்தில் ஆய்வாளர்கள் அங்கே இறங்கினர். 400 முதல் 600 மீட்டர் ஆழத்தில், ஒளியே எட்டாத குளிர்நீரில், உயிர்த்துடிப்புள்ள பெரும் பவழப்பார் இருந்தது. அதே ஆண்டில் சுபாஸ்டியன் மேலும் இரண்டைக் கண்டது. 1835-இல் பீகிள் ஐந்து வாரம் மிதந்து திரிந்த அதே கடலில்தான் அவை இருக்கின்றன.