கல்விக் கொடையும் கணித மேதையும்

அறிவு ஒருவரிடம் இயல்பாகவே அமைந்திருக்கலாம். அது வளர்வதற்கு உணவும் உறைவிடமும் நூலும் தாளும் வேண்டும். கவலையின்றிச் சிந்திப்பதற்குரிய பொழுதும் வேண்டும். இவற்றைத் தாமே தேடிக்கொள்ள இயலாத மாணவர்க்குத் துணைநிற்கவே கல்வி உதவித்தொகைகளும் ஆய்வு நிதிகளும் ஏற்பட்டன. அத்தகைய உதவி தவறிப்போனால் நேரும் இழப்பையும், உரிய காலத்தில் கிடைத்தால் விளையும் பயனையும் ஒருங்கே காட்டுவது கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கை.

இளமையும் கல்வியும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தம் தாய்வழிப் பாட்டனார் வாழ்ந்த இல்லத்தில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராகப் பணியாற்றினார். தாய் கோமளத்தம்மாள். குடும்பத்தின் வருவாய் மிகக் குறைவு.

கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்திலேயே இராமானுஜனின் கணிதத் திறம் ஆசிரியர்களை வியக்கவைத்தது. பள்ளி இறுதிக் காலத்தில் ஜி. எஸ். கார் என்பார் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. ஏறத்தாழ 5000 முடிவுகள் அதில் நிரல்படுத்தப்பட்டிருந்தன. நிறுவல்கள் பெரும்பாலும் தரப்படவில்லை. அந்நிறுவல்களைத் தாமே கண்டறிய முற்பட்ட இளைஞர், அம்முயற்சியினூடே நூலில் இல்லாத புதிய முடிவுகளையும் காணத் தொடங்கினார். அவற்றை எழுதிவைத்த குறிப்பேடுகளே பின்னாளில் உலகப் புகழ் பெற்றன.

1904ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதத்திற்கான பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடமும் கிடைத்தது. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று போற்றப்பட்ட அக்கல்லூரியில் அவர் எதிர்காலம் உறுதியாகிவிட்டதாகவே பலரும் எண்ணினர்.

இழந்த உதவித்தொகை

கல்லூரியின் விதி எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சியை எதிர்பார்த்தது. இராமானுஜனின் உள்ளமோ கணிதம் ஒன்றிலேயே தோய்ந்திருந்தது. பிற பாட வகுப்புகளிலும் அவர் கணிதத்தையே எழுதிக்கொண்டிருந்தார். ஆங்கிலத் தேர்வில் தவறினார், உதவித்தொகை நிறுத்தப்பட்டது. பருவம் ஒன்றுக்குக் கட்டணம் 32 ரூபாய். தந்தையின் மாத ஊதியம் 20 ரூபாய் அளவினதே. உதவித்தொகை நின்றமை அக்குடும்பத்தைப் பொறுத்தவரை கல்வி நின்றமைக்கு ஒப்பானது. மனமுடைந்த இளைஞர் 1905ஆம் ஆண்டு எவரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார்.

அடுத்த ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் அவர் மீண்டும் படிக்கத் தொடங்கினார். ஆவடிக்கு வடக்கே உள்ள பெரியபாளையத்தில் பிறந்து, தம் செல்வத்தை அறப்பணிகளுக்கென உயில் எழுதிவைத்த வள்ளல் பச்சையப்பரின் கொடையால் உருவான கல்லூரி அது. 18ஆம் நூற்றாண்டில் மறைந்த ஒருவரின் பொருள் 20ஆம் நூற்றாண்டில் ஓர் ஏழை மாணவருக்கு வாயில் திறந்தது. ஆயினும், பழைய இடர் இங்கும் தொடர்ந்தது. உடலியங்கியல் முதலிய பாடங்கள் அவர் மனத்தில் ஒட்டவில்லை. உடல்நலமும் இடையில் குன்றியது. 1906, 1907 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வியுற்றார். பட்டம் பெறும் வழி அத்துடன் அடைபட்டது.

வாழ்வதற்கு மட்டும் வேண்டிய பொருள்

1909ஆம் ஆண்டு ஜானகியம்மாளை மணந்தபின் வேலை தேடவேண்டிய நிலை வந்தது. தாள் வாங்கப் பணமின்றிச் சிலேட்டில் கணக்குகளைப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது அவர் வழக்கமாயிருந்தது. அக்குறிப்பேடுகளையே சான்றிதழாக ஏந்தி அவர் பலரை நாடினார்.

இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயரைத் திருக்கோவிலூரில் கண்டார். அவர் வழிகாட்ட, சென்னைக் கணித அறிஞர்களின் அறிமுகம் கிடைத்தது. அத்தொடர்பு நெல்லூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஆர். இராமச்சந்திர ராவ் வரை அவரை இட்டுச்சென்றது. கணிதத்தில் ஈடுபாடு கொண்ட அவர், முதலில் ஐயுற்றார். பின்னர்ப் பொறுமையுடன் கேட்டறிந்து இளைஞரின் ஆற்றலை உணர்ந்தார். இராமானுஜன் அவரிடம் வேண்டியது செல்வமோ பதவியோ அன்று. ஆய்வைத் தொடர்ந்துகொண்டே உயிர்வாழ்வதற்குப் போதுமான பொருள் மட்டுமே. இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அனுப்பிவந்தார். 1911ஆம் ஆண்டு இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை இந்தியக் கணிதக் கழக இதழில் வெளியாயிற்று.

தனி ஒருவரின் ஈகையில் நெடுநாள் வாழ்வது இராமானுஜனின் உள்ளத்தை உறுத்தியது. 1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்குத் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதம் கற்றவர். அவரும் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் எழுத்தரின் தகுதியை உணர்ந்து ஊக்கமளித்தனர்.

விதியும் நோக்கமும்

1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டிக்கு இராமானுஜன் மடல் எழுதினார். தம்மைத் துறைமுக அலுவலக எழுத்தர் என அறிமுகப்படுத்திக்கொண்டு, தாம் கண்ட முடிவுகளை அதனுடன் இணைத்திருந்தார். அதற்கு முன் அவர் எழுதிய வேறு இரு ஆங்கிலேய அறிஞர்களிடமிருந்து ஊக்கம் கிடைக்கவில்லை. ஹார்டியோ தம் உடன்பணியாளர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அத்தாள்களை ஆராய்ந்தார். எழுதியவர் ஒரு மேதை என்னும் முடிவுக்கு வந்தார்.

அதே வேளையில் வானிலைத் துறைத் தலைவரும் கணித அறிஞருமான கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்திற்கு வந்தபோது இராமானுஜனின் பணியைக் கண்டார். அவரது ஆய்விற்குப் பல்கலைக்கழகம் பொருளுதவி செய்யவேண்டும் எனப் பதிவாளருக்கு எழுதினார். கணிதப் பாடக்குழு மார்ச் மாதத்தில் கூடி, இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் வழங்கப் பரிந்துரைத்தது.

இங்கே ஒரு தடை எழுந்தது. ஆய்வு உதவித்தொகை பெறுபவர் முதுகலைப் பட்டம் பெற்றிருக்கவேண்டும் என்பது விதி. இராமானுஜனோ இடைநிலைத் தேர்விலும் தேறாதவர். விதியை மட்டும் நோக்கினால் விண்ணப்பத்தைத் தள்ளுவதே முறை. ஆனால், ஆய்வை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்னும் வாதம் அங்கு வென்றது. நோக்கத்திற்காகவே விதி, விதிக்காக நோக்கம் அன்று என்னும் தெளிவு அம்முடிவில் விளங்கியது. 1913ஆம் ஆண்டு மே முதல் நாள் இராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளரானார். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விதி மூடிய வாயிலை, விதியின் பொருளுணர்ந்தோர் திறந்துவிட்டனர்.

அத்தொகைக்கு ஒரு பொறுப்பும் இருந்தது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வின் முன்னேற்றத்தை அறிக்கையாக அளிக்கவேண்டும். திருவல்லிக்கேணியில் தங்கி, அலுவலக வேலையின் சுமையின்றி முழுநேரமும் கணிதத்தில் ஆழ்ந்த இராமானுஜன், இங்கிலாந்து செல்வதற்கு முன் மூன்று அறிக்கைகளை உரிய முறையில் அளித்தார்.

கடல் கடந்த ஆய்வு

1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து விரிவுரையாற்றச் சென்னைக்கு வந்த இ. எச். நெவில், இராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்தார். கடல் கடத்தல் கூடாது என்னும் குடும்ப வழக்கத்தைக் கடந்து இராமானுஜனும் இசைந்தார். பயணத்திற்குப் பொருள் வேண்டுமே! நெவில் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆளுநர் பென்ட்லண்டின் ஆதரவை நாடினார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கும், அதற்குமேல் பயணச் செலவிற்கும் ஒப்புதல் அளித்தது. அன்றைய மதிப்பில் ஒரு பவுன் 15 ரூபாய். துறைமுகத்தில் அவர் பெற்ற ஊதியத்தினும் பத்து மடங்கிற்கு மேற்பட்ட தொகை அது. அத்தொகையிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்திலிருந்த குடும்பத்திற்குச் சேர அவர் ஏற்பாடு செய்தார். கேம்பிரிட்ஜின் திரினிட்டி கல்லூரியும் ஆண்டுக்கு 60 பவுன் அளித்தது.

1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் இராமானுஜன் சென்னையிலிருந்து புறப்பட்டார். சில மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது. மரக்கறி உணவு கிடைப்பதே அரிதான குளிர்நாட்டில், போர்க்காலப் பற்றாக்குறைகளுக்கிடையே அவர் அயராது உழைத்தார். 1916ஆம் ஆண்டு, ஆய்வின் அடிப்படையில் கேம்பிரிட்ஜ் அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது. சென்னைப் பல்கலைக்கழகமும் உதவியை நீட்டித்தது. ஓர் எண்ணை எத்தனை வகைகளில் கூட்டல்தொகையாகப் பிரிக்கலாம் என்பது குறித்து ஹார்டியுடன் இணைந்து அவர் கண்ட வாய்பாடு கணித உலகின் போற்றுதலைப் பெற்றது. 1918ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் திரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினரான முதல் இந்தியர் என்னும் பெருமையும் அவரைச் சேர்ந்தது.

எஞ்சிய தொகை எவருக்கு?

புகழ் வந்த வேளையில் உடல் நலிந்திருந்தது. 1917ஆம் ஆண்டு முதல் மருத்துவமனைகளிலேயே அவர் பெரும்பொழுதைக் கழிக்கவேண்டியதாயிற்று. தாயகம் திரும்பியபின் ஆண்டுக்கு 250 பவுன் வழங்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. அச்செய்தி அறிந்த இராமானுஜன், 1919ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் பதிவாளர் டியூஸ்பரிக்கு ஒரு மடல் எழுதினார். தமக்கு அளிக்கப்படும் தொகை தம் தேவையினும் மிகுதி என அதில் குறிப்பிட்டார். இங்கிலாந்துச் செலவுகள் தீர்ந்தபின் பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் அளித்து, தம் இன்றியமையாச் செலவுபோக எஞ்சுவதைக் கல்விப் பணிக்குப் பயன்படுத்தவேண்டும் என விரும்பினார். ஏழைச் சிறுவர்க்கும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் நூல்கள் வாங்கித்தரவும் அப்பொருள் உதவவேண்டும் என்பதே அவர் எண்ணம். கட்டணம் கட்ட இயலாமல் கல்லூரியை இழந்த துயரை அவர் மறந்துவிடவில்லை.

1919ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் பம்பாயில் கரையிறங்கிய இராமானுஜன், தொடர்வண்டியில் சென்னைக்கு வந்தார். அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் வழியாகச் செல்லும் அவ்விருப்புப் பாதை நலிந்த உடலோடு அவரைத் தலைநகருக்குக் கொண்டுசேர்த்தது. நோய்ப் படுக்கையிலும் அவர் கணிதத்தை விடவில்லை. 1920ஆம் ஆண்டு ஜனவரியில் புதியவகைச் சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். அதே ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில், 32ஆம் வயதில் உயிர்நீத்தார். தாம் விரும்பிய கல்விப் பணியை முன்னின்று நடத்த அவருக்கு வாழ்நாள் வாய்க்கவில்லை. ஜானகியம்மாள் பல்கலைக்கழகம் அளித்த சிறு ஓய்வூதியத்தோடு தையல் தொழிலாலும் தம் வாழ்வை நடத்தினார்.

கொடையின் பயன்

இராமானுஜனின் இறுதிக்காலத் தாள்கள் 1976ஆம் ஆண்டு திரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அறிஞரால் கண்டெடுக்கப்பட்டன. அவற்றிலிருந்த 600க்கும் மேற்பட்ட முடிவுகள் இன்றும் ஆய்வாளர்களின் கருத்தை ஈர்க்கின்றன. 1950ஆம் ஆண்டு வள்ளல் அழகப்பச் செட்டியார் சென்னையில் இராமானுஜன் பெயரால் ஒரு கணித ஆய்வு நிறுவனத்தை ஏற்படுத்தினார். உதவித்தொகையால் வளர்ந்த ஒருவரின் பெயர், பிறரை வளர்க்கும் கொடைக்குப் பெயராயிற்று.

இராமானுஜன் தாயகம் திரும்பியபோது பயணம் செய்து வந்த அதே இருப்புப் பாதையில் ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் இன்று நாள்தோறும் மாணவர் பலர் கல்லூரிக்குச் செல்கின்றனர். அம்பத்தூர் ஏரியின் நீரை ஆராய்வது, பூவிருந்தவல்லிச் சாலையின் நெரிசலைத் தணிக்க வழிகாண்பது போன்ற நகர்சார் பணிகளும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து செய்யும் உலகளாவிய ஆய்வுகளும் அவர்கள் கனவில் இருக்கலாம். மாணவர் ஆய்வுத் திட்டங்களுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் போன்ற அமைப்புகள் நிதி வழங்கிவருகின்றன. தம் பணியைத் தெளிவாக எழுதிக்காட்டுதல், ஒருமுறை மறுக்கப்பட்டாலும் மீண்டும் முயலுதல், பெற்ற தொகைக்கு உரிய கணக்கும் அறிக்கையும் அளித்தல் ஆகியவை விண்ணப்பிப்போர் அவரிடம் கற்கத்தக்கவை. மதிப்பெண்ணுக்கு அப்பாலும் தகுதி உண்டு என உணர்தல், வழங்கும் நிலையில் இருப்போர் கற்கத்தக்கது. தேவைக்கு மேல் வந்ததை அடுத்தவர் கல்விக்கு ஈவது இருவருக்கும் பொதுவான பாடமாகும்.